ஒட்டியும் வெட்டியும்: நூறாண்டுக்கு முந்தைய அமெரிக்கப் பள்ளி விவாதப் போட்டிகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெக்சாஸில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில், பிள்ளை ஒன்பதாம் வகுப்புக்குப் போனதும் "டிபேட்டில் சேர்க்கலாமா?" என்ற பேச்சு வரும். என் மகள் சேர்ந்தாள். பெற்றோரும் அவ்வப்போது நடுவராக வந்து உதவ வேண்டும் என்றார்கள். சரி என்று போய் உட்கார்ந்தேன். மூன்று வருடம் சனிக்கிழமைதோறும் பிள்ளைகள் பேசுவதைக் கேட்டபின், இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். மற்ற பெற்றோர்களும், ஊரில் ஆசிரியையாக இருக்கும் என் தங்கையும் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். பேசப்படும் காலம் ஏறத்தாழ 1895 முதல் 1931 வரை. ஓரிரு இடங்களில் அதைத் தாண்டியும் போயிருக்கிறேன்.

இந்தப் போட்டிகளை ஆரம்பித்தது யார்? பள்ளிகளா?

பெரும்பாலும் பல்கலைக்கழகங்கள்தான். கல்லூரி மாணவர்களுக்குள் பேச்சுப் போட்டி அதற்கு முன்பே இருந்தது. 1874ல் இலினாய் மாநிலத்தின் கேல்ஸ்பர்க் நகரில் பல மாநிலக் கல்லூரிகள் கூடிச் சொற்பொழிவுப் போட்டி நடத்தின. உயர்நிலைப் பள்ளிகளுக்கென்று மாநில அளவில் ஓர் அமைப்பு என்றால் விஸ்கான்சின் முன்னோடி. அங்கே 1895லேயே வேலை தொடங்கிவிட்டது.

டெக்சாஸின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1910 டிசம்பரில் அபிலீன் நகரில் மாநில ஆசிரியர் சங்கம் கூடியபோது, டெக்சாஸ் உயர்நிலைப் பள்ளிகளின் விவாதக் கழகம் உருவானது. அதை முன்னின்று நடத்தியவர் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பேச்சுக்கலை கற்பித்த பேராசிரியர் எட்வின் ஷர்ட்டர். 1911 மே மாதம் முதல் மாநில இறுதிப் போட்டி ஆஸ்டினில் நடந்தது. அப்புறம் ஒப்புவித்தல் போட்டியும் சேர்ந்தது. 1913ல் பள்ளி விளையாட்டுகளுக்கென இருந்த தனிச் சங்கமும் இதோடு இணைந்தது. அப்படிப் பிறந்ததுதான் இன்று எல்லோரும் யு.ஐ.எல். (யுனிவர்சிட்டி இன்டர்ஸ்கலாஸ்டிக் லீக்) என்று சொல்லும், பள்ளிகளுக்கிடையே போட்டி நடத்தும் அமைப்பு. வெள்ளிக்கிழமை இரவு ஊரே திரண்டு பார்க்கும் பள்ளி ஃபுட்பால் ஆட்டங்களை இன்று நடத்துவது அதுதான். இங்கே பல பெற்றோருக்கு யு.ஐ.எல். என்றாலே விளையாட்டுதான் நினைவுக்கு வருகிறது. அது விவாதத்துக்காகத் தொடங்கிய கழகம் என்பதைச் சந்திக்கும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நார்த் கரோலினாவில் 1912-13 கல்வியாண்டில் தொடங்கினார்கள். சேப்பல் ஹில் பல்கலைக்கழகத்தில் 1795லிருந்து இயங்கிவந்த டயலெக்டிக், ஃபிலன்த்ரோபிக் என்ற இரண்டு மாணவர் சங்கங்கள் இதற்குத் தோள் கொடுத்தன. வெற்றிக் கோப்பைக்கு ஆளுநராக இருந்த சார்ல்ஸ் அய்காக்கின் பெயரை வைத்தார்கள். 1912 ஏப்ரலில் அலபாமாவில் ஒரு கூட்டத்தில் கல்வியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோதே மேடையில் சரிந்து உயிர் விட்டவர் அவர். கடைசியாக அவர் வாயில் வந்த சொல்லும் 'கல்வி' என்பதே.

அந்தக் காலத்தில் ஏன் இவ்வளவு வேகமாகப் பரவியது?

பள்ளிக்கு வந்த பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். 1900ல் அமெரிக்காவின் அரசு உயர்நிலைப் பள்ளிகளில் படித்தவர்கள் சுமார் 5,20,000 பேர். 1910ல் 9,15,000. 1920ல் 22 லட்சம். 1930ல் 44 லட்சம். முப்பது ஆண்டில் எட்டு மடங்குக்கு மேல். ஊருக்கு ஊர் புதிதாக உயர்நிலைப் பள்ளி எழுந்தது, அதில் மேடை வைத்த ஒரு கூடமும் இருந்தது.

இன்னொரு பக்கம், மாநிலப் பல்கலைக்கழகங்கள் வளாகத்துக்கு வெளியே இருக்கும் மக்களுக்கும் பயன்பட வேண்டும் என்ற எண்ணம் அப்போது வலுத்தது. பல்கலைக்கழகத்தின் எல்லை மாநிலத்தின் எல்லை வரை என்று விஸ்கான்சினில் வெளிப்படையாகவே பேசினார்கள். வானொலி இல்லாத காலம் அது. ஒரு சிற்றூரில் மாலை நேரம் நாலு பேர் கூடிக் கேட்க வேண்டுமென்றால் தேவாலயம், அரசியல் கூட்டம், இல்லையென்றால் பள்ளிக்கூடத்து மேடை.

விவாதம், ஒப்புவித்தல், சொற்பொழிவு எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. ஒப்புவித்தல் என்பது பெரியவர்கள் பேசிய உரையை மனப்பாடம் செய்து, குரலோடும் கையசைவோடும் மேடையில் நிகழ்த்துவது. 1775ல் பேட்ரிக் ஹென்றி விடுதலை இல்லையேல் மரணம் என்று முழங்கிய உரை, 1863ல் கெட்டிஸ்பர்க்கில் லிங்கன் பேசியது, தென் மாநிலங்களின் மறுவாழ்வு பற்றி 1886ல் ஹென்றி கிரேடி பேசியது எல்லாம் இதில் வாடிக்கையான பகுதிகள். நம் பள்ளிகளில் திருக்குறள் ஒப்புவித்தவர்களுக்கு இந்த வகை நன்றாகப் புரியும்.

சொற்பொழிவுப் போட்டியில் பிள்ளையே எழுதிப் பேச வேண்டும். பேசும் நாளில் கையில் தாள் இருக்காது. சிறிது நேரத்துக்கு முன்புதான் தலைப்பு தெரியும் என்ற வகையில் உடனடிப் பேச்சும் பின்னர் வந்து சேர்ந்தது. விவாதம் இவை எல்லாவற்றிலிருந்தும் வேறு. எதிரே ஒரு அணி உட்கார்ந்து நீங்கள் சொல்வதைக் குறித்துக்கொண்டிருக்கும். சில நிமிடத்தில் எழுந்து அதைப் பிரித்துப் போடும். என்னைக் கேட்டால், மனப்பாடம் உதவாமல் போகும் அந்த இடத்தில்தான் படிப்பே தொடங்குகிறது.

ஒரு விவாத இரவு எப்படி நடக்கும்?

மேடையில் இரண்டு மேசைகள். ஒன்றில் தீர்மானத்தை ஒட்டிப் பேசும் அணி, மற்றதில் வெட்டிப் பேசும் அணி. அணிக்கு இரண்டு பேர், சில இடங்களில் மூன்று பேர். முதல் சுற்றில் ஒவ்வொருவருக்கும் பத்து, பன்னிரண்டு நிமிடம் கிடைக்கும். ஒட்டுபவர் ஒருவர் பேசினால் அடுத்து வெட்டுபவர் ஒருவர் என்று மாறி மாறிப் போகும். இரண்டாம் சுற்று மறுப்புரை. அது பாதி நேரம்தான். அதை வெட்டும் அணி தொடங்கும், ஒட்டும் அணி முடிக்கும்.

கடைசி வாய்ப்பை ஏன் ஒட்டுபவருக்குக் கொடுக்க வேண்டும் என்று என் தங்கை கேட்டாள். இருப்பதை மாற்றச் சொல்பவர் அவர். மாற்ற வேண்டிய தேவை இருக்கிறது, தான் சொல்லும் வழியில் அது தீரும், அதனால் பெரிய கேடு வராது என்று மூன்றையும் நிறுவும் பொறுப்பு அவர் தலையில் விழுகிறது. வெட்டும் அணி அதில் ஒன்றை உடைத்தாலே போதும். அந்தச் சுமைக்கு ஈடாகத்தான் கடைசிச் சொல்.

ஒலிபெருக்கி கிடையாது. பின்வரிசை வரை கேட்க வேண்டும் என்றால் வயிற்றிலிருந்து குரல் வர வேண்டும். நேரக் கணக்கர் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். பேச்சுக்கு நடுவே பள்ளிப் பிள்ளைகள் பாட்டோ பியானோவோ வைத்துக் கூட்டத்தை அமர்த்துவார்கள்.

முக்கோண விவாதம் என்றால் என்ன?

எனக்கு இந்த வரலாற்றிலேயே அழகாகப் படுவது இதுதான். நார்த் கரோலினாவில் போட்டியின் முதுகெலும்பே இந்த ஏற்பாடு. மற்ற மாநிலங்களிலும் இது பரவியிருந்தது.

பக்கத்துப் பக்கத்து ஊர்களாக மூன்று பள்ளிகளை ஒரு முக்கோணமாகச் சேர்ப்பார்கள். ஒவ்வொரு பள்ளியும் இரண்டு அணிகளைத் தயார் செய்ய வேண்டும்: ஒன்று ஒட்டிப் பேச, மற்றது அதே தீர்மானத்தை வெட்டிப் பேச. குறித்த நாளில் ஒரு அணி ஊரிலேயே இருக்கும். இன்னொரு அணி ரயில் ஏறிப் பக்கத்து ஊருக்குப் போகும். ஆக, ஒரே இரவில் மூன்று ஊர்களில் ஒரே தீர்மானம் விவாதிக்கப்படும். உங்கள் பள்ளிப் பிள்ளைகள் ஒரு மேடையில் "வேண்டும்" என்று சொல்லிக்கொண்டிருக்கும் அதே மணி நேரத்தில், சில மைல் தள்ளி இன்னொரு மேடையில் உங்கள் பள்ளிப் பிள்ளைகளே "வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். இரண்டு அணியும் வென்ற பள்ளிக்குத்தான் சேப்பல் ஹில் இறுதிச் சுற்றுக்கு அழைப்பு. ஒரு பக்கம் மட்டும் கெட்டியாக இருந்தால் பயனில்லை.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். பயிற்சி நேரத்தில் எதிரணி கிடைக்கவில்லை என்ற பேச்சே இல்லை. மாலையில் ஒரே வகுப்பறையில் நாலு பிள்ளைகள் உட்கார்ந்து ஒருவர் வாதத்தை ஒருவர் தட்டிப் பார்ப்பார்கள். தன் பள்ளி ஜெயிக்க வேண்டுமென்றால், தன்னை எதிர்த்துப் பேசும் நண்பன் நன்றாகப் பேசப் பழக வேண்டும். அதற்குத் தானே உதவவும் வேண்டும். எதிர்க்கருத்து சொல்பவன் எதிரி இல்லை என்று ஆசிரியர் தனியாகப் பாடம் நடத்தத் தேவையில்லாமல் போயிற்று.

என்ன தலைப்புகளில் பேசினார்கள்?

அன்றைய நாட்டு நடப்புதான். "தாயா தாரமா" போன்ற பொதுத் தலைப்புகள் மிகக் குறைவு. சட்டமன்றத்திலும் செய்தித்தாளிலும் அந்த வாரம் ஓடிக்கொண்டிருந்த கேள்விகளே பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கும் வந்தன.

மாநிலச் சட்டமன்றங்கள் தேர்ந்தெடுத்துவந்த செனட்டர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கலாமா என்பது ஒன்று. 1913ல் அரசியலமைப்புச் சட்டத்தின் பதினேழாவது திருத்தம் அதற்கு முடிவு சொன்னது. பெண்களுக்கு வாக்குரிமை இன்னொன்று. 1920 வரை அது திறந்த கேள்வி. ரயில் பாதைகளை அரசே எடுத்து நடத்தலாமா என்று பிள்ளைகள் பேசிக்கொண்டிருந்தபோதே, போர்க்காலத்தில், 1917 டிசம்பரில் அரசு அவற்றைக் கையில் எடுத்துக்கொண்டது. 1920ல் திருப்பிக் கொடுத்தது. நார்த் கரோலினாவில் ஆரம்ப ஆண்டுகளில் கப்பல் மானியமும் கடற்படை விரிவாக்கமும் தலைப்பாக வந்தன.

நகராட்சியை மேயருக்குப் பதில் ஒரு சிறு ஆணையக் குழுவிடம் ஒப்படைக்கலாமா என்ற கேள்வியும் அன்று எல்லா ஊரிலும் பேசப்பட்டது. அதன் வேர் டெக்சாஸில். 1900 செப்டம்பர் 8 அன்று அடித்த புயலில் கால்வெஸ்டன் நகரில் குறைந்தது 6,000 பேர் இறந்தார்கள். பாழான நகரத்தைத் தூக்கி நிறுத்த 1901ல் அங்கே ஆணையக் குழு ஆட்சி வந்தது. மற்ற நகரங்கள் அதைப் பார்த்துப் பின்பற்றின.

நம்மவர்களுக்கு நெருக்கமான தலைப்பு ஒன்றும் உண்டு. குடியேற வருபவர்களுக்கு எழுத்தறிவுச் சோதனை வைக்கலாமா என்று பல ஆண்டுகள் பள்ளி மேடைகளில் விவாதித்தார்கள். 1917ல் அதிபர் வில்சனின் மறுப்பையும் மீறி நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தை நிறைவேற்றியது. எழுத்தறிவுச் சோதனையோடு, இந்தியா உள்ளிட்ட ஆசியாவின் பெரும்பகுதியிலிருந்து யாரும் குடியேறக் கூடாது என்ற தடையும் அதே சட்டத்தில் இருந்தது. அந்தத் தலைப்பில் ஒட்டியும் வெட்டியும் பேசிய மேடைகளில் இந்தியப் பிள்ளை ஒருவர் உட்கார்ந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இன்று என் மகள் அதே டெக்சாஸில் குடியேற்றச் சட்டம் பற்றிப் பேசுவதைக் கேட்கும்போது இது எனக்கு ஒவ்வொரு முறையும் நினைவுக்கு வருகிறது.

நூலகமே இல்லாத கிராமத்துப் பிள்ளைகளுக்கு விஷயம் எங்கிருந்து கிடைத்தது?

தபாலில். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பொட்டல நூலகம் என்று ஒன்றை நடத்தினார்கள். டெக்சாஸ் பல்கலைக்கழகமும் அதே முறையைக் கையாண்டது. ஒரு தலைப்பைப் பற்றிப் பத்திரிகைகளில் வந்த கட்டுரைகள், நாடாளுமன்ற உரைகள், துண்டறிக்கைகள் என்று இரு பக்கத்துக்கும் உதவுபவற்றைச் சேகரித்து, ஒரு உறையில் போட்டுக் கேட்கும் பள்ளிக்கு அனுப்புவார்கள். படித்துவிட்டுக் குறித்த நாளுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். அது அடுத்த ஊருக்குப் போகும்.

கோப்பையைவிட இந்தப் பொட்டலம்தான் பெரிய காரியம் செய்தது என்பது என் கருத்து. மாட்டுப் பண்ணைகளுக்கு நடுவே இருந்த பள்ளிக்கும் ஹூஸ்டன் நகரப் பள்ளிக்கும் ஒரே கட்டுரைகள் கிடைத்தன. அதைப் படித்தது பேசப் போகும் இரண்டு பேர் மட்டும் இல்லை. ஆசிரியரும் படித்தார், வீட்டில் அப்பாவும் புரட்டிப் பார்த்தார்.

அச்சில் வந்த கையேடுகளும் இருந்தன. வில்சன் கம்பெனி என்ற பதிப்பகம் 1900களின் பிற்பாதியிலிருந்து விவாதக்காரர்களுக்கென்றே ஒரு தலைப்புக்கு ஒரு புத்தகம் என்று வெளியிட்டது. இரு பக்க வாதச் சுருக்கமும், முக்கியமான கட்டுரைகளும், மேலும் படிக்க ஒரு பட்டியலும் அதில் இருக்கும். இதில் ஒரு கெடுதலும் வந்தது. பேச்சையே எழுதி விற்கிறவர்கள் கிளம்பினார்கள். வாங்கி மனப்பாடம் செய்துவந்த பிள்ளைகள் மறுப்புரையில் தடுமாறினார்கள். நல்ல பயிற்சியாளர்கள் மறுப்புரைக்குக் கூடுதல் மதிப்பு கேட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

நடுவர்கள் யார்? எதை வைத்துத் தீர்ப்புச் சொன்னார்கள்?

ஊர் வக்கீல், பாதிரியார், பக்கத்துக் கல்லூரிப் பேராசிரியர். பெரும்பாலும் மூன்று பேர். தனித்தனியே உட்கார்ந்து, ஒருவரோடொருவர் பேசாமல், சீட்டில் எந்த அணி என்று எழுதிக் கொடுப்பார்கள். அவ்வளவுதான். காரணம் சொல்ல மாட்டார்கள். நம் பட்டிமன்றத்தில் நடுவர் இரு பக்கத்தையும் எடைபோட்டு விளக்கிவிட்டுத் தீர்ப்புச் சொல்வாரே, அந்தப் பகுதி இதில் இல்லை. தோற்ற பிள்ளை எதனால் தோற்றோம் என்று தெரியாமலே ரயில் ஏற வேண்டும்.

இதைப் பற்றி ஆசிரியர்களுக்குள்ளேயே பெரிய வாக்குவாதம் நடந்தது. 1914 நவம்பரில் சிகாகோவில் பேச்சுக்கலை ஆசிரியர்கள் 17 பேர் ஆங்கில ஆசிரியர் சங்கத்திலிருந்து பிரிந்து தனிச் சங்கம் கண்டார்கள். மறு ஆண்டு அவர்கள் தொடங்கிய இதழில் ஜேம்ஸ் ஓ'நீலும் ஹியூ வெல்ஸும் சில ஆண்டுகள் இதே விஷயத்தில் மோதினார்கள். நடுவர் ஜூரியைப் போல, வாதங்களைக் கேட்டபின் எந்தப் பக்கம் சரி என்று தோன்றுகிறதோ அதற்கு வாக்களிக்கலாம் என்றார் வெல்ஸ். அது தலைப்பைப் பற்றிய தீர்ப்பாகிவிடும், எந்த அணி திறமையாக விவாதித்தது என்பதை விஷயம் தெரிந்த விமர்சகர் ஒருவர் சொல்ல வேண்டும் என்றார் ஓ'நீல். ஓ'நீல் சொன்னதுதான் பிற்பாடு நிலைத்தது. நடுவர் நாற்காலியில் உட்கார்ந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: அவர் கேட்டது கடினமான வேலை. எனக்கு உறுதியான கருத்து உள்ள தலைப்பில், எனக்குப் பிடிக்காத பக்கம் நன்றாகப் பேசிவிட்டால், அந்தச் சீட்டை எழுதக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

நம்பாத ஒன்றுக்காகப் பேசப் பிள்ளைகளைப் பழக்குவது சரியா?

இந்தக் கேள்வியை எங்கள் மாமனார் கேட்டார். அவருக்கு முன்பே, அதிபராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் கேட்டுவிட்டார். 1913ல் வெளிவந்த தன்வரலாற்றில், ஹார்வர்டில் படித்தபோது விவாதப் போட்டிகளில் சேராததற்குத் தான் மகிழ்வதாகவே எழுதினார். பேசுபவர் நம்புகிறாரா இல்லையா என்று பாராமல் ஒரு பக்கத்தை ஒதுக்கிக் கொடுத்துப் பேசச் சொல்வதில் அவருக்குத் துளியும் உடன்பாடு இல்லை. நாட்டுக்கு வேண்டியது நேர்மையின் பக்கம் உறுதியாக நிற்கும் இளைஞர்கள், எந்தப் பக்கத்துக்கும் சாமர்த்தியமாகப் பேசத் தெரிந்தவர்கள் இல்லை என்பது அவர் வாதம்.

மதிக்க வேண்டிய வாதம்தான் இது. ஆனாலும் நான் உடன்படவில்லை. பதினைந்து வயதில் ஒரு பிள்ளைக்கு இருக்கும் நம்பிக்கை பெரும்பாலும் வீட்டிலிருந்து வந்தது. அதைச் சோதித்துப் பார்க்க அதற்கு வாய்ப்பே கிடைத்திருக்காது. பெண்களுக்கு வாக்குரிமை கூடாது என்று நம்பும் குடும்பத்தில் வளர்ந்த பையன், வேண்டும் என்று பேச ஆறு வாரம் படித்திருந்தால் அது அவனுக்கு நல்லதே. ரூஸ்வெல்ட் சொன்ன ஆபத்து வருவது படிப்பு போய் வெறும் வாய்வீச்சு மிஞ்சும் இடத்தில். அது வராமல் பார்த்துக்கொள்வது பயிற்சியாளரின் கையில் இருக்கிறது.

பெண் பிள்ளைகள் கலந்துகொண்டார்களா?

ஆம், ஆனால் இடத்துக்கு இடம் வேறுபட்டது. ஒப்புவித்தலில் ஆரம்பம் முதலே நிறையப் பெண்கள் இருந்தார்கள். விவாத மேடை பல ஊர்களில் ஆண்களுக்கே போனது. டெக்சாஸில் நெடுங்காலம் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பிரிவு வைத்திருந்தார்கள்.

கறுப்பினப் பிள்ளைகளுக்கு இடம் இருந்ததா?

டெக்சாஸில் இல்லை. அந்தக் கழகம் வெள்ளையர் பள்ளிகளுக்கு மட்டுமே. நிறப்பிரிவினை சட்டமாக இருந்த தென் மாநிலங்களில், அரசியலமைப்புச் சட்டத்தின் பெருமையைப் பற்றிப் பிள்ளைகள் பேசிய மேடைகளின் வாசலிலேயே அந்த அரசியலமைப்பு மீறப்பட்டுக்கொண்டிருந்தது. இதைச் சொல்லாமல் இந்த வரலாற்றைச் சொல்லக் கூடாது.

அவர்கள் காத்திருக்கவில்லை. 1920ல் டெக்சாஸின் கறுப்பினப் பள்ளிகளுக்கெனத் தனிக் கழகம் தொடங்கியது. சில ஆண்டுகளில் பிரேரி வியூ கல்லூரி அதன் பொறுப்பை ஏற்றது. படிப்பு, பேச்சு, விளையாட்டு எல்லாவற்றிலும் அது போட்டி நடத்தியது. 1960களின் பிற்பாதியில்தான் அந்தப் பள்ளிகளை யு.ஐ.எல். சேர்த்துக்கொள்ளத் தொடங்கியது, 1970ல் தனிக் கழகம் முடிந்தது. கல்லூரி அளவில், டெக்சாஸின் மார்ஷல் நகரத்து வைலி கல்லூரியில் கவிஞர் மெல்வின் டால்சன் 1924ல் தொடங்கிய விவாத அணி, 1935ல் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக அணியை வென்றது.

காலத்தால் சற்றுப் பிந்திய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1944 ஏப்ரலில் ஜார்ஜியா மாநிலத்தின் டப்ளின் ஊரில், கறுப்பினத்தவரின் எல்க்ஸ் சங்கம் நடத்திய சொற்பொழிவுப் போட்டியில் அட்லாண்டாவிலிருந்து வந்த 15 வயதுப் பையன் ஒருவன், கறுப்பின மக்களும் அரசியலமைப்புச் சட்டமும் என்ற தலைப்பில் பேசினான். திரும்பும் வழியில், வெள்ளையருக்கு இடம் கொடுத்து எழுந்திருக்கும்படி பேருந்து ஓட்டுநர் அதட்டினார். உடன் வந்த ஆசிரியை, வம்பு வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அவன் எழுந்தான். சுமார் 90 மைல் நின்றுகொண்டே வந்தான். வாழ்க்கையில் அவ்வளவு கோபம் தனக்கு வந்ததில்லை என்று பல ஆண்டுகள் கழித்துச் சொன்ன அவர் மார்ட்டின் லூதர் கிங்.

அதிபர் லிண்டன் ஜான்சன் பள்ளி விவாதப் பயிற்சியாளராக இருந்தார் என்பது உண்மையா?

உண்மை. 1930ல், 22 வயதில், ஹூஸ்டனின் சாம் ஹூஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் பேச்சுக்கலை ஆசிரியராகச் சேர்ந்தார். அவருடைய சித்தப்பா அங்கே ஏற்கனவே வரலாறு சொல்லிக்கொடுத்துவந்தார். அந்த ஆண்டு யு.ஐ.எல். தலைப்பு ஜூரி முறையைப் பற்றியது: அதற்குப் பதில் வேறொன்றைக் கொண்டுவரலாமா?

அணியில் ஜீன் லாட்டிமர், லூதர் ஜோன்ஸ் என்று இரண்டு பையன்கள். பெண்கள் அணியையும் அவரே பழக்கினார். மாநிலத்தின் பல ஊர்களுக்குக் கூட்டிப்போய்ப் பயிற்சி விவாதம் நடத்தினார். செய்தித்தாளில் வர வைத்தார், பள்ளியில் ஃபுட்பால் அணிக்குக் கிடைக்கும் உற்சாகத்தை விவாத அணிக்கும் கொண்டுவந்தார். நகரப் போட்டியிலும் மாவட்டப் போட்டியிலும் பையன்கள் வென்றார்கள். 1931ல் ஆஸ்டினில் மாநில இறுதிச் சுற்று. ஐந்து நடுவர்கள். மூன்றுக்கு இரண்டு என்று தோற்றுப்போனார்கள். ஒரே ஒரு சீட்டு.

அந்த ஆண்டின் கடைசியில் ஜான்சன் ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு, நாடாளுமன்ற உறுப்பினர் ரிச்சர்ட் கிளீபர்க்கின் செயலாளராக வாஷிங்டன் போனார். சிறிது காலத்தில் அந்த இரண்டு பையன்களையும் அங்கே வேலைக்கு வரவழைத்துக்கொண்டார். தோற்ற அணியை அவர் மறக்கவில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

இன்னொரு அதிபர் நிக்சனும் பேச்சுப் போட்டிகளில் வளர்ந்தவராமே?

ஆம். 1924ல் அமெரிக்காவின் பெரிய நாளிதழ்கள் சேர்ந்து, அரசியலமைப்புச் சட்டம் பற்றி உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குத் தேசிய அளவில் சொற்பொழிவுப் போட்டி தொடங்கின. கலிஃபோர்னியாவில் அதை நடத்தியது லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ். விட்டியர் உயர்நிலைப் பள்ளியில் படித்த ரிச்சர்ட் நிக்சன் 1929லும் 1930லும் அதில் பேசினார்.

பேச்சுப் பயிற்சிக்குப் பேர்போன டேல் கார்னகியும் பள்ளிப் போட்டிகளில் பேசியவரா?

அவர் பேசியது உயர்நிலைப் பள்ளியில் இல்லை, மிசூரி மாநிலத்து வாரன்ஸ்பர்க் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில். பண்ணை வீட்டிலிருந்து குதிரையில் கல்லூரிக்குப் போய்வந்த பையன். போட்டிகளில் பல தடவை தோற்று, பிறகு வென்றவர். 1912ல் நியூயார்க்கில் பெரியவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி வகுப்பு தொடங்கினார்.

நாடு முழுவதற்கும் ஒரே போட்டி எப்போது வந்தது?

விஸ்கான்சினின் ரிப்பன் கல்லூரியில் புரூனோ ஜேக்கப் என்ற ஆசிரியர் இருந்தார். கல்லூரி விவாதக்காரர்களுக்கு ஒரு கௌரவச் சங்கம் இருக்கிறதே, பள்ளிப் பிள்ளைகளுக்கு அப்படி ஒன்று உண்டா என்று ஒரு பள்ளி ஆசிரியர் அவருக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். இல்லை என்று பதில் எழுதிவிட்டுச் சும்மா இருந்துவிடாமல், 1925ல் ஜேக்கப் அதை உண்டாக்கினார். பேசிய ஒவ்வொரு போட்டிக்கும் புள்ளிகள், புள்ளிகள் சேரச் சேரப் பட்டங்கள் என்று அமைத்தார். முதல் தேசியப் போட்டி 1931ல் ரிப்பனிலேயே நடந்தது. வேறு பெயரில் அந்த அமைப்பு இன்றும் நடக்கிறது; என் மகளின் புள்ளிகளும் அதன் கணக்கில்தான் ஏறுகின்றன.

ஒரு ஊரில் பல பள்ளிகள் கூடி இரண்டு மூன்று நாளில் பல சுற்றுகள் பேசும் முறை இதன்பின் வேகமாகப் பெருகியது. பொருளாதார மந்தக் காலத்தில் அது செலவைக் குறைத்தது. ஆனால் ஊர் மக்கள் திரண்டு வந்து கேட்கும் ஒற்றை இரவு மெல்ல மறைந்தது. இன்று வகுப்பறையில் இரண்டு அணி, ஒரு நடுவர், காலி நாற்காலிகள். இது எனக்கு வருத்தம்தான்.

இப்போது போல அன்றும் மூச்சுவிடாமல் வேகமாகப் பேசினார்களா?

இல்லை. அது 1960களுக்குப் பின் வளர்ந்த பழக்கம். ஊர்க்கூட்டம் கேட்க வேண்டிய காலத்தில் அப்படிப் பேசினால் யாருக்கும் புரிந்திருக்காது.

முக்கோண விவாதத்தை நாமே நடத்திப் பார்க்க முடியுமா?

முடியும். நாங்கள் போன கோடையில் மூன்று குடும்பங்களாக நடத்தினோம். ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு பிள்ளைகள். ஒருவர் ஒட்டி, ஒருவர் வெட்டி. தலைப்பு எங்கள் நகராட்சியில் அப்போது பேசப்பட்ட தண்ணீர்க் கட்டணம். ஒரு மாதத்துக்கு முன்பே ஆறு கட்டுரைகளைப் படியெடுத்து, இரு பக்கத்துக்கும் மூன்று மூன்றாக, ஒரே மாதிரி உறையில் போட்டு மூன்று வீட்டுக்கும் கொடுத்தோம். பேச எட்டு நிமிடம், மறுக்க நாலு நிமிடம். ஒட்டும் பிள்ளை சொந்த வீட்டில், வெட்டும் பிள்ளை அடுத்த வீட்டில், மூன்றும் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு. நடுவராக அந்தந்த வீட்டுக்குச் சம்பந்தமில்லாத மூன்று பேர். சீட்டு எழுதியபின் காரணமும் சொல்ல வேண்டும் என்று மட்டும் பழைய விதியை மாற்றிக்கொண்டோம். தமிழிலும் பேசலாம் என்றோம். இரண்டு பேர் தமிழில் பேசினார்கள். எட்டு மணிக்கு எல்லோரும் எங்கள் வீட்டில் கூடினோம். இட்லி ஊற்றி வைத்திருந்தேன். சாப்பிட உட்கார்ந்த பிறகும் பிள்ளைகள் அடுத்த வீட்டில் என்ன மறுப்பு சொன்னார்கள் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.